ஓரியே குனியும் காட்சி

பெண் கோபமாகத் தலையைத் திருப்பிக்கொள்கிறாள். காட்சித்தாளில் அவ்வளவுதான் இருந்தது. ஜப்பானிலிருந்து வந்திருந்த இரண்டு படங்களில் முதலாவதில் ஓரியே என்கிற அந்தப் பெண் கதாநாயகனை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இரண்டாவதில் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கிறாள். இந்த இரண்டுக்கும் நடுவில் வரவேண்டிய படங்களைச் சங்கமித்ரா வரைந்து முடித்திருந்தாள். அஷ்வின் அந்தத் தாள்களை விரலிடுக்குகளில் செருகிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் புரட்டினான். அப்படிப் புரட்டினால் படம் அசையும். அசைந்ததைப் பார்த்துவிட்டு மறுபடியும் புரட்டினான்.

“இது என்னங்க சங்கமித்ரா? இவ தலை ஏன் நடுவுல குதிக்குது?”

சங்கமித்ரா எட்டிப் பார்த்தாள். ஓரியேயின் முகவாய் தோள்பட்டைவரை இறங்கி, அதில் ஒரு இடி இடித்து, எகிறி, அதற்குப் பிறகுதான் ஜன்னல் பக்கம் போனது. அதில் என்ன தப்பு என்று அவளுக்குப் புரியவில்லை.

“கோவமா திரும்பறா இல்ல சார். கோவமா திரும்புனா அப்டிதானே திரும்புவாங்கோ?”

பக்கத்து மேசையில் விவேக் நகர் பிரிஜெட் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஓரியே ஜப்பான்காரி. முட்டிவரை தொங்கும் கறுப்புக் கோட்டும், ஒரு கண்ணை மறைக்கிற முடியும், சாயம் பூசிய உதடுமாக, ஆண்களை மயக்கி ரகசியத்தைக் கறந்துகொண்டு கைகழுவிவிடுகிற உளவுக்காரி. அப்பேர்ப்பட்டவள் சங்கமித்ரா குடியிருக்கிற நீலசந்திராவில் குழாயடியில் குடத்தோடு நிற்கிற பொம்பளை மாதிரி முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டால் பிரிஜெட் சிரிக்காமல் என்ன செய்வாள்? அப்போதுதான் சங்கமித்ராவுக்கே உறைத்தது. உலகத்தில் மற்ற ஊர்ப் பெண்கள் வேறுவிதமாகவும் முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூடும் என்பது அதுவரை அவளுக்குத் தோன்றியதே இல்லை.

நீலசந்திராவுக்குப் பக்கத்தில் அடுகோடியில், ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தக் கார்ட்டூன் ஸ்டூடியோ. கீழே இரும்பைக் கடைந்தால் மேலே மேசை அதிரும். கோடு நெளியும். மேல்மாடி நிறையப் பையன்களும் பெண்களும் விளக்கெரியும் கண்ணாடிப் பலகைமேல் தாளை வைத்துக் குனிந்தபடி இருப்பார்கள். கதை அவர்களுடையது இல்லை. முதல் படமும் கடைசிப் படமும் அவர்களுடையவை இல்லை. டோக்கியோவில் யாரோ அவற்றை வரைந்து அனுப்புவார்கள், இவர்கள் நடுவில் இருப்பதை நிரப்ப வேண்டும். இன்பிட்வீன் ஆர்ட்டிஸ்ட் என்று பெயர். படம் முடிந்ததும் பெயர்கள் வரிசையாக ஓடுமே, அதில் இவர்கள் பெயர் வராது. சங்கமித்ரா போர்டு எழுதும் கடையில் நம்பர் பிளேட்டுக்கு எழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவள். ஸ்டூடியோவில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய், பரீட்சையில் நாய் ஓடுகிற மாதிரி வரையச் சொன்னபோது தெருநாயை அப்படியே ஓட விட்டாள். சேர்த்துக்கொண்டார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்த அஷ்வின் அவளுடைய குழுவுக்குப் பொறுப்பு. நல்ல மாதிரிதான். கோபம் வந்தாலும் வாங்க போங்கதான்.

திருத்தி வரைய அன்றைக்கு நேரமில்லை. பார்சல் கட்ட ஆள் வந்து நின்றுவிட்டான். “போகட்டும், எப்படியும் திரும்பித்தான் வரும். அப்ப பாத்துக்கலாம்” என்று அஷ்வின் அனுப்பிவிட்டான். அவன் சொன்னபடியே ஃபாக்ஸ் வந்தது. அந்தத் தலையைச் சுற்றி ஒரு வட்டமும் பக்கத்தில் ஒரு பெரிய கேள்விக்குறியும் போட்டிருந்தார்கள். சங்கமித்ரா திட்டு வாங்கக் காத்திருந்தாள். திட்டு வரவில்லை. திருத்தச் சொல்லியும் வரவில்லை. அடுத்த கதைக்கான படங்கள் வந்தபோது அஷ்வின் கட்டைப் பிரித்து ஒரு தாளை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு வந்து அவள் மேசையில் வைத்தான். ஓரியே நிற்கிறாள். முகவாய் தோள்பட்டையில் இடித்தபடி இருக்கிறது. டோக்கியோவில் யாரோ தங்கள் கையால், அழுத்தமான பென்சிலால் வரைந்திருந்தார்கள்.

“உங்க தப்பை அவங்க எடுத்துக்கிட்டாங்க” என்றான் அஷ்வின்.

அதற்கப்புறம் ஓரியே வேறு ஆளாக மாறத் தொடங்கினாள். முதலில் போட்ட திட்டப்படி அவள் ஆறாவது கதையிலேயே வெடிவிபத்தில் செத்துப் போக வேண்டியவள். அதுவரைக்கும் கதவு நிலையில் சாய்ந்து நிற்பதும், புகைவிடுவதும், பாதிக் கண்ணால் பார்ப்பதும்தான் அவளுக்கு வேலை, கடை வாசலில் நிற்கிற பொம்மை மாதிரி. தோளில் முகவாயை இடித்த பிறகு அவளுக்கு ஒரு அலட்சியம் வந்தது. அலட்சியம் வந்ததும் அதற்கேற்ற வசனம் எழுதினார்கள். வசனம் வந்ததும், இவள் ஏன் இப்படி ஆனாள் என்று ஒரு பழங்கதை தேவைப்பட்டது. வெடிவிபத்தில் கோட்டு மட்டும் எரிந்தது, அவள் எழுந்து நடந்து போனாள். இரண்டாவது வருஷம் போஸ்டரில் கதாநாயகனை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு அவளை நடுவில் நிறுத்தினார்கள். இவளை எப்படி வரைய வேண்டும் என்று முதலில் வந்த மாதிரிப் படத்தில் உதட்டோரம் ஒரு குழைவான சிரிப்பு இருந்தது. புதிதாக வந்ததில் அது இல்லை. வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள். சங்கமித்ராவுக்கு அந்த வாயை நன்றாகத் தெரியும். வீட்டில் தினமும் பார்க்கிற வாய்.

சனிக்கிழமை காலையில் அந்தத் தொடர் இங்கிலீஷ் பேசிக்கொண்டு டிவியில் வந்தது. நீலசந்திராவில் பாஷை புரியாமலேயே எல்லாப் பிள்ளைகளும் பார்த்தார்கள். பெண்பிள்ளைகள் பையன்களுக்கு ஓரியே மாதிரி முகவாய் இடித்துக் காட்டினார்கள், ஏதோ ஜப்பானிலிருந்து இறக்குமதியான சமாசாரம் என்று நினைத்துக்கொண்டு. பெரியவர்களுக்கு அது எங்கேயிருந்து போனது என்று கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. “இது நம்ம தனக்கோடிதானே? கோட்டு மாட்டிகினு நிக்கறா” என்று குழாயடியில் ஒருத்தி சொல்ல, அது தெருவெல்லாம் சுற்றித் தனக்கோடியின் காதுக்கே வந்து சேர்ந்தது.

தனக்கோடி சங்கமித்ராவின் அம்மா. எம்.ஜி. ரோடு பக்கம் ஒரு பெரிய ஓட்டலில், பெண்கள் கழிவறையில், கை கழுவிவிட்டு வருகிறவர்களுக்குத் துண்டு எடுத்துக் கொடுக்கிற வேலை. ஓட்டலில் நீலக் கால்சட்டையும் சட்டையும் கொடுத்து, கொண்டையைத் தூக்கிக் கட்டி உதட்டுக்குச் சாயமும் பூசச் சொல்லியிருந்தார்கள். ராத்திரி வேலை முடிந்ததும் ஓட்டல் வேன் தெருமுனையில் கொண்டுவந்து இறக்கிவிடும். தெருவுக்கு அது போதாதா? வேனில் வந்து இறங்குகிறவள் என்றார்கள். அவள் புருஷன் கிருஷ்ணப்பா நல்ல மனுஷன்தான், மகளுக்குச் சங்கமித்ரா என்று புத்தர் கோயிலில் பெயர் வைக்கிற அளவுக்கு நல்ல மனுஷன், ஆனால் அதற்கும் முன்னாலிருந்தே குடிகாரன். குடித்தே செத்தான். அது தொண்ணூற்று ஒன்றாம் வருஷம். செத்த பிறகு அவன் குடித்ததற்கே இவள்தான் காரணம் என்றாகிவிட்டது. ஆளை முழுங்கினவள் என்று பெயர் வைத்தார்கள். கிருஷ்ணப்பாவின் அண்ணன் எத்திராஜ், தெருச் சங்கத்துக் கட்டடத்தில் பத்துப் பேரைக் கூட்டி வைத்து, ஓட்டல் வேலையை விட்டுவிட்டு எல்லாருக்கும் முன்னால் தன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டால் தம்பி பெண்டாட்டியாக வீட்டில் இருக்கலாம் என்றார். பத்து வயசுச் சங்கமித்ரா அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தனக்கோடி எத்திராஜைப் பார்த்தாள். முகவாயைத் தோளில் ஒரு இடி இடித்தாள். மகளை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அன்றிலிருந்து இரண்டு சந்து தள்ளி ஒற்றை அறை. வேலையை விடவில்லை. வேனும் தெருமுனைக்கு வந்துகொண்டுதான் இருந்தது.

தெருவில் சொன்னதைக் கேட்ட பிறகு வந்த சனிக்கிழமை தனக்கோடி டிவி முன்னால் உட்கார்ந்தாள். ஓரியே ஒரு ராணுவ அதிகாரியிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு முகவாயை இடித்துவிட்டுப் போனாள்.

“இவ இன்னா பண்றா?”

“ஆம்பளைங்கள ஏமாத்தி ரகசியத்த வாங்கிகினு போயிடுவாம்மா.”

“எல்லாரையுமா?”

“எல்லாரையும்.”

“தெருவுல சொன்னது பத்தாதுன்னு நீயும் என்னிய இப்டி எழுதி ஊருக்கெல்லாம் காட்னியா?” என்றாள் தனக்கோடி.

சங்கமித்ராவுக்கு அழுகை வந்துவிட்டது. தெரியாமல் வந்தது, கை தானாகப் போட்டது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தாள். அம்மா எழுந்து போய் அரிசி கழுவத் தொடங்கினாள். சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அதற்கடுத்த சனிக்கிழமையும் டிவி முன்னால் வந்து உட்கார்ந்தாள். அதற்கடுத்ததற்கும். போகப் போக ஓரியேவுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்தாள். இடுப்பில் கை வைத்து நிற்பது சரியில்லை என்பாள். அந்தக் கிழட்டு மந்திரியை இன்னும் ரெண்டு வாரம் அலையவிட்டிருக்கலாம் என்பாள். ஒருநாள் குழாயடியில் யாரோ கிண்டலாக, “இன்னா தனக்கோடி, டிவில உன்னிய பாத்தோமே” என்றபோது, “பாத்தியா? எவனாச்சும் அவள அசைக்க முடிஞ்சுதா?” என்று கேட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாளாம். பிரிஜெட்டின் சித்தி அங்கே இருந்து கேட்டு, பிரிஜெட் வழியாகச் சங்கமித்ராவுக்கு வந்தது. அன்றைக்கு முழுக்கச் சங்கமித்ரா தரையில் கால் பாவாமல்தான் வேலை செய்தாள்.

அந்தச் சந்தோஷம் கடைசிக் கதை வந்துசேரும்வரைதான் இருந்தது. தொடரை முடிக்கப் போகிறார்கள். முடிக்கும்போது கதாநாயகன் பெரியவனாகத் தெரிய வேண்டாமா? அதனால் ஓரியே பிடிபடுகிறாள், அவன் எதிரே மண்டியிடுகிறாள், நெற்றி தரையில் படும்படி குனிந்து தான் கெடுத்த ஆண்கள் எல்லாருக்காகவும் மன்னிப்புக் கேட்கிறாள், அப்புறம் குண்டடிபட்டுச் சாகிறாள். அஷ்வின் கட்டைக் கொண்டுவந்து சங்கமித்ராவிடம் கொடுத்தான். முதல் படத்தில் ஓரியே நிமிர்ந்து நிற்கிறாள். கடைசிப் படத்தில் தரையோடு தரையாகக் கிடக்கிறாள், முடி சரிந்து முகத்தை முழுக்க மூடியிருக்கிறது. நடுவில் இருப்பது முழுக்கச் சங்கமித்ராவுடையது.

“ஓரியே உங்க ஆளு. நீங்கதான் போடணும்.”

“நா போட மாட்டேன் சார்.”

அஷ்வின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “எனக்கும் பிடிக்கலீங்க. இவ இப்படிச் செய்ய மாட்டான்னு அவங்களுக்கு எழுதினேன். சேனல்காரங்க கேட்டது இதுதான்னு பதில் வந்துச்சு. நீங்க போடலைன்னா பிரிஜெட் போடுவாங்க. பிரிஜெட் போடலைன்னா நான் போடணும். யார் போட்டாலும் அவ குனியத்தான் போறா. உங்களுக்கு வேலை போறதுதான் மிச்சம்.”

அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை, அதுதான் சங்கமித்ராவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கஷ்டமான அசைவு என்றால் வரைவதற்கு முன்னால் யாராவது நடித்துப் பார்ப்பது அங்கே வழக்கம். சுவரோரம் ஆளுயரக் கண்ணாடி இருந்தது. எல்லாரும் டீ குடிக்கப் போனபோது சங்கமித்ரா அதன் முன்னால் நின்று மண்டியிட்டுக் குனிந்தாள். வெகு சுலபமாக வந்தது. முட்டி மடங்கியது, கழுத்து தொங்கியது, கண் தானாகத் தரைக்குப் போனது. போர்டுக் கடைக்காரரிடம், ஸ்டூடியோ முதலாளியிடம், பஸ் கண்டக்டரிடம், வாடகைக்கு விட்டவரிடம் என்று பத்து வருஷமாகக் குனிந்து பழகிய கழுத்து அது, சொல்லிக்கொடுக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அம்மா அன்றைக்குக் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தது இந்தக் கழுத்தைத்தானா என்று நினைத்தபடி எழுந்தாள். தாள் கட்டை அப்படியே பையில் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தனக்கோடி மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். மகள் சோறு வேண்டாம் என்று மூலையில் உட்கார்ந்திருந்ததை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

“இன்னாடி, மூஞ்சிய தூக்கி வெச்சிகினு?”

“கடைசிக் கத வந்துட்ச்சிம்மா.”

“செத்துடுவாளா?”

“செத்தா பரவால்ல. மன்னிப்புக் கேட்டுட்டுச் சாவறா.”

தனக்கோடி சட்டுவத்தை வாணலியில் வைத்தாள். “யார்கிட்ட?”

“ஹீரோகிட்ட. மண்டி போட்டு, நெத்தி தரைல படறாப்ல.”

“அவன் இன்னா பண்ணான் இவளுக்கு?”

“ஒண்ணும் பண்ணல. அவன் நல்லவன்.”

“நல்லவனா இருந்தா இவ குனியற வரைக்கும் எதுக்கு நின்னு பாத்துகினு இருக்கான்?”

சங்கமித்ரா அப்படி யோசித்துப் பார்த்ததே இல்லை. டோக்கியோவிலும் யாரும் அதை யோசித்திருக்க மாட்டார்கள். தனக்கோடி அடுப்பை அணைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“நீ வரையலன்னா?”

“வேற யாராச்சும் வரைவாங்கோ. என்னிய வேலைய உட்டு எடுத்துடுவாங்கோ.”

“சும்னே வேலைய உட்டுட்டு வந்து நிக்காத. அந்த வேலைல உக்காந்துகினே இன்னா பண்ண முடியும்னு பாரு. எப்டி குனியணும், சொல்லு. நா குனியறேன்.”

“நீ வேணாம்மா.”

“இன்னா வேணாம்? உன் எதுருல குனிஞ்சா எனக்கு இன்னா கொறஞ்சிடப் போவுது? எத்திராஜ் எதுருலயா குனியறேன்? பென்சில எடு.”

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அறை நடுவில் நின்றாள். சங்கமித்ரா கட்டிலோரம் உட்கார்ந்து தாளை மடியில் வைத்துக்கொண்டாள். தனக்கோடியின் முட்டி மடங்கியது. வயசான முட்டி, சத்தம் போட்டது. இடுப்பு இறங்கியது, முதுகு வளைந்தது, இரண்டு கையும் தரையில் பட்டன. ஓட்டலில் நாளெல்லாம் கை கழுவும் தொட்டியைக் குனிந்து குனிந்து துடைத்த உடம்பு. குனிய அதற்குத் தெரியாமல் இல்லை. அம்மாவை அந்த நிலையில் பார்க்கச் சங்கமித்ராவுக்குச் சகிக்கவில்லை. எழுந்திரு என்று சொல்ல வாயெடுத்தாள். பென்சில் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் கவனித்தாள். உடம்பெல்லாம் இறங்கியும் அம்மாவின் கண் இறங்கவில்லை. புருவத்துக்கு அடியிலிருந்து மகளையே பார்த்துக்கொண்டிருந்தது.

“கண்ணயும் எறக்கணும்மா.”

“எறக்கிதானே இருக்கேன்.”

“எங்க எறக்கின? என்னியே பாத்துகினு இருக்க.”

தனக்கோடி எழுந்து, மூச்சு வாங்கி, மறுபடியும் முதலிலிருந்து குனிந்தாள். கண் அங்கேயேதான் நின்றது. வேண்டுமென்று செய்யவில்லை. மகள் கேட்டாள் என்று அவள் உண்மையாகவே முயற்சி செய்துகொண்டிருந்தாள், அது சங்கமித்ராவுக்குத் தெரிந்தது. மூன்றாவது தடவையும் அப்படியே ஆனபோது தனக்கோடிக்கு எரிச்சல் வந்துவிட்டது.

“எனக்கு இதுக்கு மேல எறங்காதுடி. வேணும்னா இத வரஞ்சிக்க, இல்லன்னா உடு. மீனு ஆறிப் போவுது.”

சங்கமித்ரா இதையே வரைந்துகொண்டாள்.

அடுத்த நாலு நாளும் அவள் மேசையில் குனிந்திருந்தாள். டோக்கியோக்காரர்களின் முதல் படத்தில் ஒரு கோட்டைக்கூடத் தொடவில்லை. கடைசிப் படத்திலும் தொடவில்லை. அதில் முடி முகத்தை மூடியிருந்ததால் கண் எங்கே இருக்கிறதென்று அதை வரைந்தவருக்கே தெரியாது. நடுவில் இருந்த ஒவ்வொரு தாளிலும் ஓரியே குனிந்துகொண்டே போனாள். சொன்னபடி முட்டி மடங்கியது, சொன்னபடி முதுகு வளைந்தது, சொன்ன வேகத்தில் தலை இறங்கியது. கீழே லேத் ஓடும்போது கையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்து, நின்ற பிறகு கண்ணை வரைந்தாள்.

வெள்ளிக்கிழமை அஷ்வின் தாள்களை வாங்கிப் புரட்டினான். பாதியில் நின்றான். திரும்ப முதலிலிருந்து புரட்டினான்.

“குனியறா. ஆனா கண்ணு கீழ போகலீங்களே?”

“போவல சார்.”

“தெரிஞ்சேவா போட்டீங்க?”

“அன்னைக்கு தெரியாம போட்டேன். இன்னைக்கு தெரிஞ்சுதான் போட்டிருக்கேன்.”

“இது மன்னிப்புக் கேக்கற மாதிரி இல்லைங்க. நீ ஆரு என்னைக் கேக்கறதுன்னு கேக்கற மாதிரி இருக்கு.”

“மண்டி போடணும்னு சொன்னாங்க, போட்டிருக்கா. நெத்தி தரைல படணும்னு சொன்னாங்க, பட்டிருக்கு. கண்ணப் பத்தி அதுல ஒண்ணும் எழுதல சார்.”

“திருப்பி அனுப்பினா?”

“அனுப்பட்டும். எத்தினி தடவ அனுப்பினாலும் எனக்கு இதான் வரும்.”

“வேற ஆள் கையில குடுக்கச் சொன்னா நான் என்னங்க செய்யறது?”

பிரிஜெட் தன் மேசையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். “எங்கிட்ட குடுங்க சார். ஆனா எனக்கும் கண்ணு எறங்குமான்னு தெரில.” அவளுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். வரிசையாக எல்லாப் பென்சிலும் நின்றுவிட்டிருந்தன.

பார்சல்காரன் மாடிப்படியில் ஏறி வருகிற சத்தம் கேட்டது. தாள்கள் போக வேண்டுமானால் மேலுறையில் அஷ்வின் கையெழுத்துப் போட வேண்டும். வேலை போனால் அடுத்த மாதம் என்ன என்று சங்கமித்ராவுக்குத் தெரியாது. ஆனால் வரைந்ததை நினைத்து ஒரு பொட்டுக்கூட வருத்தமில்லை. அஷ்வின் அவளைப் பார்த்தான். பிறகு தாள்களை மறுபடியும் விரலிடுக்கில் செருகி, இந்தத் தடவை வெகு மெதுவாக, ஒவ்வொன்றாக விட்டான். ஓரியே குனிந்தாள், இன்னும் குனிந்தாள், தரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள், அந்தக் கண் மட்டும் தாளுக்குத் தாள் அவனையே பார்த்துக்கொண்டு வந்தது. கடைசித் தாள் விழுவதற்கு முன்னால் அஷ்வின் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, மேசைமேல் எங்கேயோ கிடந்த பேனாவைத் தேடத் தொடங்கினான்.